ஓடிபி சொல்லும் மகன்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. விடுதியில் என் அறையில் இருக்கும் தோழி சொன்னது. அவளுக்கு பேங்க்கில் வேலை.

அன்று அவளுடைய கவுன்ட்டருக்கு ஓர் அம்மா வந்தார். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். தனியாக இருப்பவர்.

"போன்ல உங்க ஆப் பூட்டிக்கிச்சு. கொஞ்சம் திறந்து விடுங்கம்மா."

கணக்கைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. ஒரே கரண்ட் பில்லைத் துண்டு துண்டாகக் கட்டியிருந்தார். அதிலும் பாதி, ஓடிபி நேரம் கடந்து நின்றுபோயிருந்தது. கணக்கில் இருந்த போன் நம்பரும் அவருடையதல்ல.

"ஓடிபி யாருக்கும்மா போகுது?"

"மகனுக்கு. வெளியூர்ல இருக்கான். வந்ததும் கூப்பிட்டுச் சொல்லுவான்."

"உங்க பென்ஷனை நீங்க செலவு பண்ண அவர் உத்தரவு வேணுமா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

போனை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிடியைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளைத் தோழி நிறையப் பார்த்திருக்கிறாள். சுள்ளென்று கோபம் வந்தது.

"போன்ல பேங்க் வச்சுக்கிறதுல தப்பே இல்ல. ஆனா சாவி உங்ககிட்ட இருக்கணும். இதுல கையெழுத்துப் போடுங்க. இனிமே ஓடிபி உங்களுக்கே வரும்."

விண்ணப்பத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக்கூட அந்த அம்மா கண்ணாடி இல்லாமல் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"வேண்டாம்மா."

"பயப்படாதீங்க. அவர் கேட்டா பழியை என் மேல போடுங்க."

"எனக்கே வந்துட்டா, அப்புறம் அவன் எதுக்குக் கூப்பிடுவான்?"



அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "அவங்க அப்பா இருந்தவரைக்கும் அவர் பேசுவாரு, நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்குவோம். இப்போ நான் சும்மா கூப்பிட்டா, 'என்னம்மா விஷயம்'ங்கிறான். ஒண்ணுமில்லப்பான்னா வச்சிடுறான். எனக்கும் மேற்கொண்டு பேசத் தெரியல."

"ஓடிபின்னா?"

"ஒவ்வொரு நம்பரா நிதானமா சொல்லுவான். நடுவுல சாப்பிட்டியாப்பான்னு கேட்பேன். பேனாவைக் காணோம்னு இழுப்பேன். அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். மறுபடி முதல்லேருந்து."

"அவர் மெசேஜா அனுப்பிட்டா?"

"கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்லி வச்சிருக்கேன். காட்டிக் குடுத்துடாதீங்க. பாவம், நம்பிட்டிருக்கான்."

விதிப்படி சரியா என்று தோழிக்கு இன்றுவரை தெரியவில்லை. விண்ணப்பத்தைக் கிழித்துக் கூடையில் போட்டாள். ஆப்பை மட்டும் திறந்துவிட்டாள்.

"மிச்ச பில்லை இங்கேயே கட்டிட்டுப் போறீங்களா?"

"இல்லம்மா. சாயங்காலம் அவன் வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்துடுவான்."

கேட்டதிலிருந்து, அந்த மகன் நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மா அடுத்த முறை வரும்போது, மகனுக்கு என்ன வேலை என்று கேட்டு வைக்கும்படி தோழியிடம் சொன்னேன்.

கேட்டாளாம். பேங்க் ஆப்புகளில் ஓடிபி ஏன் தவறிப்போகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் அவருக்கு வேலையாம்.