பைச் சோதனை

"பையைக் கவுத்துக் காட்டு, டேரில்," என்றாள் படகுக்காரி நோரீன்.

ஹியூரான் ஏரியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க முக்குளித்துவிட்டு அப்போதுதான் படகில் ஏறியிருந்த டேரில், பையைக் கவிழ்த்தான். ஒரு டார்ச் விளக்கு மட்டும் விழுந்தது.

"மத்தவங்க பையை மேலோட்டமா பாத்தீங்க. என்னோடதை மட்டும் கவுக்கச் சொல்றீங்க."

"உங்கப்பா லட்சணம் அப்படி. மூழ்கின கப்பல்ல இருந்து ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்த மனுஷன் பாதிக் கப்பலையே வீட்டுக்குக் கொண்டு போனாரு. இப்ப நீ மூணு வாரமா விடாம வர்ற. அதுவும் நேரா கப்பலோட சமையலறைக்குத்தான் போறியாம்."

டேரில் டார்ச்சை எடுத்து மறுபடி பைக்குள் போட்டான்.

அதற்குள் நோரீனின் கணவன் ரஸ் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினான். சமையலறையில் இருக்கும் பழைய பீங்கான் தட்டுகளை எண்ணிவரத்தான் அவனை அனுப்பியிருந்தாள்.

"கணக்கு உதைக்குது, நோரீன்."

"எனக்குத் தெரியும். எத்தனை குறையுது?"

"குறையல. போன மாசம் ஆறு இருந்துச்சு. இப்ப ஒன்பது இருக்கு."

நோரீன் டேரிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேல வரும்போதுதான் நீங்க பையைப் பாக்கறீங்க," என்றான் அவன். "இறங்கும்போது யாரும் பாக்கறதில்ல. அப்பா போன மாசம் தவறிட்டாரு. வீட்டுல இன்னும் பதினொரு தட்டு இருக்கு. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் உடையாம கொண்டு போக முடியுது."

நோரீன் விரல் விட்டு எண்ணினாள்.

"குளிர்காலத்துக்குப் படகைக் கரையேத்த இன்னும் நாலு சனிக்கிழமைதான் இருக்கு," என்றாள். "எனக்கும் ரஸுக்கும் ஆளுக்கொரு பை இருக்கு. அடுத்த வாரம் மூணு தட்டா எடுத்துட்டு வா."