போர்டைப் பார்க்காத பொண்ணு

"ஷைமா, அந்தச் சிலேட்டை இங்க கொண்டா."

பேராசிரியர் தண்டாயுதபாணி சிலேட்டு என்று சொன்னது டேப்லெட்டை. கணித வகுப்பில் அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

மலையூரில் மூஞ்சிக்கல் பகுதி மளிகைக் கடைக்காரர் மகள் ஷைமா. முன் பெஞ்சில் உட்கார்ந்தும் போர்டைப் பார்க்கவே மாட்டாள். குனிந்த தலை நிமிராமல், அவர் சொல்லச் சொல்ல டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டே இருப்பாள். ஒரு மனுஷன் சாக்பீஸோடு மல்லுக்கட்டுவது யாருக்காக?

"போர்டைப் பாக்காம என்னம்மா நோட்ஸ்?"

"காதுல கேட்டாலே போதும் சார்."

போதுமாம்!

"கணக்கு கை வழியாத்தான் மண்டையில ஏறும். சாயங்காலமானா நீ எல்லாருக்கும் வாட்ஸப்புல அனுப்புற சோலியும் எனக்குத் தெரியும். ஒருத்தி எழுத, ஊரே ஓசியில படிக்கிறதா? சாரோட போர்டு எழுத்து பிரமாதம்னு ஃபீட்பேக்ல அத்தனை பேரும் போட்டீங்கள்ல? அப்ப அதைப் பாத்து எழுத என்ன கேடு?"

அந்த ஃபீட்பேக்கால்தான் ஓய்வு வயசுக்கு மேலும் கல்லூரி அவருக்கு வேலை நீட்டிப்புக் கொடுத்திருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பின் பெஞ்சு முகேஷ் எழுந்தான். "சார், அது மட்டும் அவகிட்டயே இருக்கட்டும். நாங்களும் கையால எழுதுறோம்."

"நீ என்ன வக்காலத்தா? உக்காருலே."

டேப்லெட் இழுப்பறைக்குள் போனது. பியூனைக் கூப்பிட்டுப் பூட்டச் சொல்லி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டே மனைவி வடிவிடம் காபியை வாங்கினார். பாதி சட்டையில் சிந்தியது.

"பாழாப்போன குளிரு" என்றார்.

"வெயில் காலத்துலயும் இதையேதான் சொன்னீங்க."

இரண்டு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார். ஷைமா உட்பட ஒருவரும் தேறவில்லை.

"நோட்டை எடுங்கலே."

முகேஷின் நோட்டு கோழி கிளறிய குப்பையாகக் கிடந்தது. அடுத்த நோட்டும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"காலேஜ் புள்ளைங்க எழுத்தாடா இது? ஒரு வரியாவது வெளங்குதா?"

வெளியே மேகம் ஜன்னல்வரை இறங்கி நின்றது. கடைசியில் ஷைமா எழுந்தாள்.

"குளிருங்க சார். எங்களுக்குக் கை வெறச்சுப் போகுது."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதே குளிர்லதான நானும் எழுதுறேன்? அங்க பாருங்க!"

கையை நீட்டியபடி போர்டுப் பக்கம் திரும்பினார். எல்லாம் மனப்பாடமான பாடம். எழுதியதை அவர் திரும்பிப் படித்ததே கிடையாது.

இன்றைக்குத்தான் படித்தார். நோட்டில் கிடந்த கிறுக்கலெல்லாம் போர்டிலும் கிடந்தது. பாவம், பிள்ளைகள் ஒரு கோடு பிசகாமல் பார்த்து வரைந்திருந்தார்கள்.

பையிலிருந்து சாவியை எடுத்து இழுப்பறைப் பக்கம் போனார். சாவி துளைக்குள் நுழையாமல் அங்குமிங்கும் தட்டிக்கொண்டிருந்தது.

ஷைமா வந்து, அவர் கையிலிருந்து சாவியை மெல்ல வாங்கித் திறந்தாள். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். வழக்கம்போலத் தலை குனிந்துகொண்டாள்.

"நீங்க சொல்லுங்க சார். நான் எழுதிக்கிறேன்."