பாஸ்வேர்டு தெரியாத ஸ்விட்ச்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை, அல்சூரில் பழைய கணினிச் சாமான்கள் விற்கும் கடையில் ரெமிஜியஸ், அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். மாத இறுதிக்குள் சான்றிதழ்த் தேர்வில் தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று அலுவலகம் எழுதியிருந்தது. வீட்டிலிருந்தே பணிபுரியும் அவருக்குப் பயிற்சி செய்யக் கருவி இல்லை.

"இது நேத்து வந்த மால், சார்," என்றார் கடைக்காரர். "ஒரு ஆபீஸையே காலி பண்ணிட்டாங்க. பாஸ்வேர்டு தெரியாது, அதான் சல்லிசு."

ரெமிஜியஸ் தம் மடிக்கணினியை அதில் இணைத்தார். திரையைப் பார்த்தவரின் முகம் சுண்டிப்போயிற்று. மெல்ல ஏதோ தட்டினார், ஸ்விட்ச் திறந்துகொண்டது.

"அரே! கில்லாடி சார் நீங்க! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கலைங்க. இது எங்க ஆபீஸ் ஸ்விட்ச். பாஸ்வேர்டு வெச்சதே நான்தான்."

அவர் ஸ்விட்சை வாங்கவில்லை. தேர்வுப் பதிவையும் அன்றே ரத்து செய்தார்.