மனைவி புலம்பல்

விறாந்தையில் சரிந்து விழும் பின்னேர வெயிலில், மை காயாத அச்சுத்தாளைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் ஆழ்வாப்பிள்ளைச் சட்டம்பியார் பல்லை நெறுநெறுவென்று கடிக்கிறார். செத்துப்போன தில்லைநாதனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் 'கல்வெட்டு' என்கிற நினைவுப் பாட்டுப் புத்தகம் அது. பாட்டெல்லாம் சட்டம்பியார் பாடியது. பிழையெல்லாம் அச்சுக்கூடம் போட்டது. "மனைவிக்கு மூண்டுசுழி போட்டிருக்கிறான். கண்ணீருக்கு ரெண்டுசுழி. உவங்கள் தமிழைக் கொல்லத்தான் அச்சுக்கூடம் வைச்சிருக்கிறாங்கள்." சிவப்புப் பென்சிலால் அவர் கீறுகிற கீறலில் தாள் கிழிகிறது. கதவு நிலையோடு வெள்ளைச் சேலையில் குந்தியிருக்கிறாள் தில்லைநாதனின் மனைவி சிவக்கொழுந்து. அவளுடைய வெறுங்கழுத்தை ஓர் இலையான் ரீங்காரமிட்டுச் சுற்றுகிறது, அவள் கலைக்கவில்லை. வழக்கப்படி, அவளே அழுது சொல்வதுபோலச் சட்டம்பியார் எழுதிய 'மனைவி புலம்பல்' அடுத்த பக்கத்தில் வருகிறது. ராகம் இழுத்து வாசிக்கிறார்: "நாதா, எனைத்தனியே விட்டு நடந்தீரோ..." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அவர் முகம் மலர்கிறது.

"சட்டம்பியார், உது பிழை," என்கிறாள் சிவக்கொழுந்து.

பென்சில் அந்தரத்தில் நிற்கிறது. "எங்கை பிழை?"

"நான் அவரை ஒருநாளும் நாதா எண்டு கூப்பிடேல்லை. இஞ்சாருங்கோ எண்டுதான் கூப்பிடுறனான்."

சட்டம்பியாரின் காதுமடல் சிவக்கிறது. "பாட்டிலை உதைப் போட்டால் தளை தட்டும், பிள்ளை. படிச்ச சனம் சிரிக்கும்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும்." அவள் குரல் உயரவில்லை. "நாதா எண்டு கூப்பிட்டால், ஆரையோ எண்டு அவர் திரும்பியும் பாரார்."