அட்டை கடைசியில்

ஐந்து மணிக்குள் அந்த முனைவர் பட்ட ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம். அதற்காக எங்கள் பிரஸ் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். மணி நாலே முக்கால்.

சீசன் நேரம். வெடிப்பெட்டி லேபிள் ஆர்டர்கள் குவிந்து கிடக்க, காலையிலிருந்து எனக்கு இந்த ஆய்வேட்டின் கணக்குகளை அடிப்பது மட்டும்தான் வேலை.

நல்லவேளை, மென்பொருள் தங்கமானது. பின்னத்தைச் சொடுக்கினால் மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் திறக்கும். எண்ணைத் தட்டினால் அச்சில் வருகிற மாதிரியே திரையில் உட்கார்ந்துகொள்ளும்.

கையெழுத்துப் பிரதிதான் வேடிக்கை. அத்தனையும் எங்கள் கம்பெனியில் வீணாய்ப் போன காலண்டர் தாள். முன்பக்கம் முருகன், பின்பக்கம் சூத்திரம்.

எந்தப் பேராசிரியரோ, இப்படி ஒரு கஞ்சரை நான் பார்த்ததில்லை.

"ஏத்தா பிரீத்தி, அந்த வரி ஓரத்துக்குப் போகுது பாரு. கட்டிங்ல போயிரும்."

மின்னஞ்சலில் போகிற ஃபைலை யாரும் வெட்டப்போவதில்லை. இருந்தாலும் சமக்குறிக்கு முன்னால் வரியை உடைத்தேன். சமர்த்தாக இறங்கிக்கொண்டது.

அண்ணாச்சிக்குப் போன் வந்தது. லோடு ஏற்றுகிறவர்களை 'ஏலே' என்று விரட்டுகிற மனுஷன், "முடிஞ்சிருச்சுங்க, நீங்க கவலைப்படாதீக" என்று குழைந்தார். பேராசிரியர்தான் போலிருக்கிறது.

மிச்சம் முகப்புப் பக்கம். எங்களிடம் எந்தப் புத்தகத்துக்கும் அட்டை கடைசியில்தான் அச்சில் ஓடும். இதற்கும் அதே சட்டம் என்று, எழுதியவர் பெயரை அண்ணாச்சி அதுவரை சொல்லவே இல்லை.

இப்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"பொன்னுத்தங்கம்."

திரும்பி அவரைப் பார்த்தேன். தினமும் மத்தியானம் எங்களுக்கு மோர் கொடுத்தனுப்புகிற அக்கா. அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா!

சந்தோஷத்தில் அந்தப் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

எந்த வேலைக்கும் முதல் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பது பிரஸ் வழக்கம். இதற்குத் தாளே கிடையாது. அண்ணாச்சி ஒரு கணம் முழித்தார். பிறகு மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்து என் கம்ப்யூட்டர் திரையின் நாலு மூலையிலும் வைத்தார். அதற்கப்புறம்தான் அனுப்ப விட்டார்.

போய்விட்டது.

கை முழுக்க மஞ்சள் என்பதால், அடுத்து வந்த போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஏங்க, காலையிலருந்து என்னய எதுக்கு வாங்க போங்கன்னு கூப்பிடுறீக?" என்றது அக்காவின் குரல்.

"பழகிக்கிடுறேன்ங்க" என்றார் அண்ணாச்சி.