மேலிடத்து உத்தரவு

வயிற்றுக்குள் போன பிரியாணி அரைபடாமல் அப்படியே நின்றுவிட்டது.

"அரை" என்ற உத்தரவை மூளையிலிருந்து கழுத்து வழியாகக் கொண்டுவந்த நரம்பு நெட்டையனுக்குப் பதற்றம். இன்னும் சற்று நேரம் போனால் எல்லாம் வாய் வழியே வெளியே வந்துவிடும். பழி அவன் தலையில்தான் விழும். வயிற்றுச் சுவரின் தசையைப் பார்த்துக் கத்தினான்.

"அரைடா தடியா! மேலிடத்து உத்தரவு!"

தசை அசையவே இல்லை.

இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே குடியிருந்த குட்டி நரம்புச் செல் முடிச்சி சிரித்தாள். "அண்ணே, நீங்க நேரா கத்தினா அவன் கேக்கமாட்டான். என்கிட்ட சொல்லுங்க."

"உன்கிட்டயா? நான் மூளை அனுப்பின ஆள், தெரியுமில்ல?"

"தெரியும். பிரியாணி மேல ஏறுதே, அது தெரியுதா?"

நெட்டையன் மேலே எட்டிப் பார்த்தான். சட்டென்று அவளைத் தொட்டு உத்தரவைச் சொன்னான். முடிச்சி பக்கத்துச் செல்களைத் தட்டினாள். அவை அடுத்த செல்களைத் தட்டின. சுவர் முழுக்கச் சேதி பறந்தது. தசை ஒரு சுருங்கு சுருங்கியது பாருங்கள், பிரியாணி சுழன்று சுழன்று அரைபட்டது!

மூளை குஷியாகிக் கேட்டது: "பலே! யார் பார்த்த வேலை?"

'நான்தான்' என்று வாய்வரை வந்ததை நெட்டையன் விழுங்கிக்கொண்டான்.

"முடிச்சி."