மின்னலோடு ஒரு சீன்

கண்ணாடிச் சாமானை வாங்குவதுபோல அவனுடைய அடையாள அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள் அந்த அம்மாள்.

"சார், இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? தங்கச்சிக்கு அனுப்பணும். இன்னைக்கு அவ வயிறு எரிஞ்சே சாகப்போறா!"

"தாராளமா எடுத்துக்கோங்கம்மா" என்றான் அவன். அட்டையிலிருந்த பெயரும் பொய், சினிமா கம்பெனியும் பொய். படம் மட்டும்தான் அவனுடையது. அதுவும் தாடி வைத்திருந்த காலத்தில் எடுத்தது.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. சுவர் முழுக்க மின்னலின் போஸ்டர்கள். ரசிகர்கள் அந்த நடிகருக்கு வைத்த செல்லப் பெயர் அது. போஸ்டர்களில் மடிப்புக் கோடுகள்கூட இன்னும் நிமிரவில்லை. தான் வருவதற்காகவே வாங்கி ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அவன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

"அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி 'பதினேழாம் படிக்கட்டு' ரெண்டாவது சீசன் வருது இல்ல? அதுக்கப்புறம் பெரிய படம். அதுல மின்னல் முதல் தடவையா வில்லன்! எனக்குச் சோறே இறங்கல சார்."

"பதினஞ்சு இல்ல, இருபத்திமூணு!" உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"பாத்தீங்களா? இந்தத் தேதி விஷயத்துல என்னை ஒரு வழி பண்ணிடுவா" என்று அந்த அம்மாள் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, ரசிகர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில்தான் இந்த அம்மாளை அவன் கண்டுபிடித்தான். 'என் பொண்ணு மின்னலோட ஒரே ஒரு சீன்ல வந்துட்டாப் போதும், பின்னாடி தட்டோட நின்னாக்கூடப் போதும்' என்று எழுதிப் பத்து ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். ஆச்சரியக்குறி அதிகம் போடுகிறவர்கள் கேள்விக்குறி போடமாட்டார்கள். அது அவன் அனுபவம்.

"நீங்க அனுப்பின உங்க பொண்ணு போட்டோவை மின்னல் சாரே பாத்தாரும்மா. 'எனக்கு இந்தக் கண்ணுதான் வேணும்'னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு."

எல்லா வீட்டிலும் அவன் சொல்கிற வரிதான். எல்லா வீட்டிலும் வேலை செய்கிற வரியும்கூட.

"ஐயோ! நடிப்பு டெஸ்ட் எங்க சார் எடுப்பீங்க?"

"ஊருக்கு வெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸ். ரெண்டே மணி நேரம். இருட்டறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுடுவேன்."

"நானும் கூட வரட்டுமா?"

"பெத்தவங்க பக்கத்துல நின்னா பிள்ளைங்களுக்கு நடிப்பு வராதும்மா. போனும் இங்கயே இருக்கட்டும். கதை வெளிய கசிஞ்சுட்டா என் வேலை போயிடும்."

அந்த அம்மாள் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள். இந்தத் தயக்கமும் அவனுக்குப் பழக்கம்தான். கொஞ்சம் பொறுத்தால் போதும், மின்னல் பார்த்துக்கொள்வான்.

"மின்னல் சாரும் அங்க இருப்பாரா?"

"காத்துக்கிட்டே இருக்காரு."

"இதுக்கு முன்னாடி யாரையாவது இப்படிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா சார்? என் மனசுக்கு ஒரு தைரியம், அதுக்குத்தான் கேக்கறேன்."

"நாலு பேரை. எல்லாரும் இன்னைக்கு நல்ல நிலைமையில இருக்காங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நாலாவது பெண்ணின் நினைப்பு வந்தால் அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியாது. பூட்டிய அறையின் ஜன்னலைத் திறந்து அவள் மாடியிலிருந்து குதித்துவிட்டாள். கீழே போய்ப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. காரை எடுத்தவன் ஊரையே மாற்றிக்கொண்டான், தாடியையும் எடுத்துவிட்டான். பத்து மாதமாகியும் எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்கு மறுபடி தூக்கம் வந்தது.

"நேரமாகுதும்மா. பொண்ணைக் கூப்பிடுங்க."

"இதோ." அந்த அம்மாள் எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். "வெளியில ஒரே சத்தம்" என்றபடி மேல்தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு அங்கேயே நின்றுகொண்டாள்.

உள்ளறையில் தரையில் ஏதோ தட்டுகிற ஓசை கேட்டது. டக். நின்றது. மறுபடி டக்.

"என்னம்மா சத்தம் அது?"

"அவதான் வர்றா. மெதுவாத்தான் வருவா. அவசரப்படுத்தாதீங்க சார்."

அந்தக் குரலில் குழைவு இல்லை. அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். இத்தனை நேரம் பல்லெல்லாம் தெரியச் சிரித்த முகத்தில் இப்போது சிரிப்பின் சுவடே கிடையாது.

உள்கதவு திறந்தது. முதலில் ஓர் ஊன்றுகோல் வெளியே வந்தது, பிறகு இழுபடும் ஒரு கால். போட்டோவில் அவன் பார்த்த பெண் இல்லை இவள். ஆனால் இந்த முகத்தை அவன் பார்த்திருக்கிறான். அவன் கொண்டுவந்திருந்த கேமரா பை கைநழுவிக் கீழே விழுந்தது.

"பயப்படாதம்மா. நல்லா பாத்துச் சொல்லு" என்றாள் கதவோரம் நின்றவள்.

ஊன்றுகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாடியில்லாத அந்த முகத்தை அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்றவள் பக்கம் திரும்பினாள்.

"இவன்தான், இன்ஸ்பெக்டர் மேடம்."